திரும்பி வரும் பார்சலுக்குக் கூலி யார் தலையில்?

கேள்வி:

"வெள்ளவத்தையில் வீட்டிலிருந்தபடியே சாறி, சுரிதார், குர்தா விற்கிறேன். இரண்டாவது பிள்ளை பிறந்த பிறகு வேலையை விட்டேன். இப்போது இதுதான் என் வருமானம். பாதிச் சாமான் புறக்கோட்டையில் மொத்தமாக எடுப்பது, மீதி சென்னையிலிருந்து வருவது. என் முகநூல் பக்கத்திலும் ஒரு விற்பனைத் தளத்திலும் போடுகிறேன். இந்த மாதம் திரும்பி வந்த பார்சல்களால் கையை நன்றாகக் கடித்துவிட்டது.

மட்டக்களப்பில் ஒருவர் 8,500 ரூபாவுக்கு ஒரு சாறி எடுத்தார். வங்கியில் காசு போட்டார். கூரியருக்கு 450 ரூபா தனியாகத் தந்தார். சாறி போய்ச் சேர்ந்ததும், 'படத்தில் மெரூன், வந்தது செங்கல் நிறம்' என்று சொல்லித் தன் செலவிலேயே திருப்பி அனுப்பிவிட்டார். இப்போது சாறிக் காசோடு போக 450, வர 450 இரண்டையும் கேட்கிறார். இரவில் மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் எடுத்த படம்தான், கொஞ்சம் ஃபில்டரும் போட்டேன். ஆனால் 'விற்ற பொருள் திருப்பி எடுக்கப்படாது' என்று என் பக்கத்தில் பெரிய எழுத்தில் இருக்கிறதே?

ஹற்றனில் ஓர் ஆசிரியை எக்ஸ்எல் குர்தா எடுத்தார். இறுக்கமாம், மாற்றித் தரச் சொல்கிறார். இதற்கிடையில் கேஷ் ஒன் டெலிவரியில் அனுப்பிய மூன்று பார்சல்களை வாசலில் வைத்தே வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். கூரியர்காரர் போகவும் வரவும் என்னிடம் பிடித்துக்கொண்டார். லண்டனில் இருக்கும் ஒருவர் நான்கு சாறிகளுக்கு விலை கேட்டு, பிடிக்காவிட்டால் எப்படித் திருப்பி அனுப்புவது என்றும் கேட்டிருக்கிறார். இந்தச் செலவெல்லாம் யார் தலையில், ஐயா?"

— ஒரு வாசகி, வெள்ளவத்தை

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

மட்டக்களப்பு வாடிக்கையாளருக்குச் சாறிக் காசு 8,500 ரூபாவையும், போகவர ஆன 900 ரூபாவையும் சேர்த்து 9,400 ரூபாவை இன்றைக்கே அவருடைய கணக்கில் போட்டுவிடுங்கள். மற்ற விஷயங்களில் உங்களுக்குச் சாதகமாகச் சொல்ல நிறைய இருக்கிறது. இதில் இல்லை. காரணத்தை உங்கள் கடிதமே சொல்லிவிட்டது: மஞ்சள் பல்பு, அதற்கு மேல் ஃபில்டர்.

திரும்பி வரும் பார்சலுக்குக் கூலி யார் தருவது என்று என்னிடம் வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, அது ஏன் திரும்பி வருகிறது என்பதைத்தான். பொருளில் பிழையா, நீங்கள் சொன்ன விவரத்தில் பிழையா, இல்லை வாங்கியவருக்கு மனம் மாறிவிட்டதா? அதை அறிந்தால் பாதி வழக்கு முடிந்தது. அடுத்ததாக, காசு கைமாறுவதற்கு முன் அவரிடம் என்ன சொல்லியிருந்தீர்கள் என்று கேட்பேன். பிழை உங்கள் பக்கம் இல்லாதபோது உங்களைக் காப்பாற்றுவது அந்த முன்கூட்டிய சொல் ஒன்றுதான்.

இணையத்தில் விற்கும் பொருள் திரும்பி வந்தால் கூலி யாருடையது என்று நேரடியாகச் சொல்லும் தனிச் சட்டம் நம் நாட்டில் இல்லை. அதனால் பலர், தங்கள் பக்கத்தில் தாங்கள் எழுதி வைத்ததே சட்டம் என்று நம்பிவிடுகிறார்கள். அது சரியல்ல. 1896ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கப் பொருள் விற்பனைக் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. கடைக்குப் போய்த் துணியை விரித்துப் பார்த்து வாங்கிய காலத்தில் எழுதப்பட்ட சட்டம் என்றாலும், கைத்தொலைபேசியில் பார்த்து வாங்குவதற்கு அது இன்னும் நன்றாகப் பொருந்துகிறது. பொருளை இன்னது என்று விவரித்து விற்றால், வந்து சேரும் பொருள் அந்த விவரத்தோடு ஒத்துப்போக வேண்டும் என்பது, யாரும் எழுதி வைக்காவிட்டாலும் ஒவ்வொரு விற்பனைக்குள்ளும் அடங்கியிருக்கும் நிபந்தனை. உங்கள் வாடிக்கையாளர் சாறியைத் தொட்டுப் பார்க்கவில்லை. உங்கள் படத்தையும், நீங்கள் எழுதிய 'மெரூன்' என்ற சொல்லையும் நம்பித்தான் காசு போட்டார். விவரித்து விற்பது என்றால் இதுதான்.

அதே சட்டத்தில் இன்னோர் ஏற்பாடு இருக்கிறது. விற்பவர்களுக்கு இதைச் சொல்லும்போது பலருக்கு முகம் மாறிவிடும். பொருளை ஏற்க மறுக்கும் உரிமை ஒருவருக்கு இருந்து, அதன்படி அவர் மறுத்தால், வேறு விதமாக உடன்பாடு இல்லாத வரை, அந்தப் பொருளை விற்றவரிடம் திருப்பி அனுப்ப வேண்டிய கடமை அவருக்கு இல்லை. 'இதை நான் ஏற்கவில்லை' என்று தெரிவித்தால் போதும். எடுத்துப்போவது விற்றவரின் பாடு. ஆகவே 'திருப்பி அனுப்பினால்தான் காசு, அனுப்பும் செலவும் உங்களுடையது' என்று பிழையான பொருளை அனுப்பியவர் நிபந்தனை போடுவது சட்டத்தைத் தலைகீழாகப் பிடிப்பது. மட்டக்களப்பிலிருந்து அந்த அம்மா தன் கைக்காசில் சாறியைப் பொதி செய்து, கூரியர் கந்தோருக்குக் கொண்டுபோய்க் கொடுத்து அனுப்பியிருக்கிறார். சட்டம் கேட்டதற்கு மேலேயே செய்திருக்கிறார். அந்த 450 ரூபாவை அவர் கேட்பது நியாயமான நட்டஈடு. முதலில் போன 450 ரூபாவும் அப்படியே. கேட்ட பொருள் வந்து சேரும் என்றுதான் அதைக் கொடுத்தார். வரவில்லை.

இனி உங்கள் பக்கத்தில் இருக்கும் பெரிய எழுத்து வாசகம். 'விற்ற பொருள் திருப்பி எடுக்கப்படாது' என்பது, மனம் மாறித் திருப்பிக் கொடுக்க வருபவரை நிறுத்தலாம். பிழையான பொருளையோ, படத்துக்குப் பொருந்தாத பொருளையோ பெற்றவரை அது நிறுத்தாது. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம், தவறாக வழிநடத்தும் விதத்தில் வியாபாரம் செய்வதையும் பொருளைப் பற்றிப் பொய்யான விவரம் சொல்வதையும் தடை செய்கிறது. உத்தரவாதத்துக்கு ஒவ்வாத பொருளைப் பற்றிய முறைப்பாட்டை அதிகாரசபை விசாரிக்கலாம். பொருளை மாற்றிக் கொடுக்கவோ, காசைத் திருப்பிக் கொடுக்கவோ, நட்டஈடு செலுத்தவோ வியாபாரிக்கு உத்தரவிடலாம். முறைப்பாட்டை விற்பனை நடந்து 3 மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வழி சொல்வார்கள். வீட்டிலிருந்து விற்கும் பெண் என்பதற்காக நீங்கள் வியாபாரி இல்லை என்று ஆகிவிடாது. அந்தச் சட்டத்தின் கண்ணில் நீங்களும் வியாபாரிதான். நியாயமற்ற ஒப்பந்த நிபந்தனைகளைக் கட்டுப்படுத்தும் 1997ஆம் ஆண்டின் 26ஆம் இலக்கச் சட்டம் ஒன்றும் உண்டு. தன் பிழைக்கான செலவையே வாங்குபவர் தலையில் கட்டும் நிபந்தனை அங்கே இலகுவில் நிற்காது.

இதை உங்களைப் பயமுறுத்துவதற்காக எழுதவில்லை. அந்த வாசகத்தை நம்பி நீங்கள் வீண் சண்டைக்குப் போய்விடக் கூடாது என்ற கவலையில் எழுதுகிறேன். அதை எடுத்துவிட்டு வேறொன்று போடுங்கள். என்ன போடுவது என்று பின்னால் சொல்கிறேன்.

நிறப் பிரச்சினைக்கு முதலில் ஒரு வழி செய்வோம். துணி வியாபாரத்தில் திரும்பி வரும் பார்சல்களின் வேர் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது. காலை 9, 10 மணிக்கு யன்னலோரம் வெயில் நேரே விழாத இடத்தில் சாறியை விரியுங்கள். அறை விளக்கை அணைத்துவிடுங்கள். உடல், கரை, தலைப்பு மூன்றும் தெரிகிற மாதிரி ஒரு படம். அதே இடத்தில் சாறியின் ஓரத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்து இன்னொரு படம். தாள் வெள்ளையாகத் தெரிந்தால் சாறியின் நிறமும் ஏறக்குறைய உண்மையாகத் தெரிகிறது என்று வைத்துக்கொள்ளலாம். தாள் மஞ்சளாகவோ நீலமாகவோ தெரிந்தால் அந்தப் படத்தைப் போடாதீர்கள். சாறியைக் கையில் எடுத்து மெல்ல அசைத்துக் காட்டும் ஒரு சிறு வீடியோவும் எடுத்து வையுங்கள். பாவும் ஊடும், அதாவது நீள நூலும் குறுக்கு நூலும், வேறு வேறு நிறமாக இருக்கும் துணி பக்கத்துக்குப் பக்கம் நிறம் மாறும். ஒரு படத்தில் அது பிடிபடாது. ஃபில்டர் வேண்டவே வேண்டாம். நிறத்துக்கு மெரூன், ரோஸ் என்று மட்டும் எழுதாமல், நம் ஆட்கள் சொல்கிற அரக்கு, மாம்பழ மஞ்சள், மயில் கழுத்து, செங்கல் என்ற பெயரையும் சேர்த்து எழுதுங்கள். மட்டக்களப்பு அம்மா 'செங்கல் நிறம்' என்று எவ்வளவு சரியாகச் சொல்லியிருக்கிறார் பாருங்கள். அந்தச் சொல் விளம்பரத்தில் இருந்திருந்தால் அவர் வாங்கியிருக்கவே மாட்டார். நீங்களும் 900 ரூபா இழந்திருக்க மாட்டீர்கள்.

இவ்வளவும் செய்த பிறகும் ஒருவர் நிறம் வேறு என்று சொன்னால், பகல் வெளிச்சத்தில் வெள்ளைத் தாளை அருகில் வைத்து ஒரு படம் எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பும்படி மரியாதையாகக் கேளுங்கள். உங்கள் படமும் அவர் படமும் ஒத்துப்போனால், அது திரைக்குத் திரை வரும் சிறு வித்தியாசம். திருப்பி அனுப்பும் கூலி அவருடையது. ஒத்துப்போகாவிட்டால் உங்களுடையது. சண்டை போடாமல் இரண்டு பேரும் ஒரே படத்தைப் பார்த்துப் பேச அது உதவும். அந்த வட்ஸ்அப் உரையாடலை அழித்துவிடாதீர்கள். 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டம், தொலைபேசியிலும் இணையத்திலும் செய்துகொள்ளும் ஒப்பந்தத்தை எழுத்தில் செய்த ஒப்பந்தத்தைப் போலவே ஏற்றுக்கொள்கிறது. செய்திகள் சாட்சியமாகவும் வரும். உங்களுக்கும் வரும், அவருக்கும் வரும்.

ஹற்றன் ஆசிரியையின் குர்தாவுக்கு வருகிறேன். எக்ஸ்எல் என்ற எழுத்து ஒன்றையும் உறுதிப்படுத்தாது. புறக்கோட்டை எக்ஸ்எல் வேறு, சென்னை எக்ஸ்எல் வேறு, ஒரே தயாரிப்பாளரின் இரண்டு கட்டுகளுக்குள்ளேயே வேறு. உங்களிடம் மிச்சமிருக்கும் அதே குர்தா ஒன்றை மேசையில் சுருக்கமில்லாமல் விரித்து, ஒரு கைக்குழியிலிருந்து மறு கைக்குழி வரை அளவு நாடாவைப் பிடியுங்கள். 21 அங்குலம் வந்தால் சுற்றளவு 42. இது துணியின் அளவு. உடலின் மார்புச் சுற்றளவு 42 இருப்பவருக்கு இந்தக் குர்தா மூச்சுவிட முடியாமல் பிடிக்கும். இரண்டு, மூன்று அங்குலமாவது தளர்வு வேண்டுமல்லவா? உங்கள் பதிவில் '42' என்று மட்டும் போட்டிருந்தீர்களா, 'துணியின் அளவு 42' என்று போட்டிருந்தீர்களா? அதில்தான் கூலியின் பொறுப்பு நிற்கிறது. வெறும் எக்ஸ்எல் என்றோ, வெறும் 42 என்றோ இருந்தால், அவர் தன் உடல் அளவென்று நினைத்து வாங்கியதில் பிழை இல்லை. தெளிவில்லாததற்கான சுமையை எழுதியவர் ஏற்பதே முறை. போகவர இரண்டு கூலியும் உங்களுடையது. துணியின் அளவு என்று தெளிவாக எழுதியிருந்து, அளந்தாலும் சரியாக 42 இருந்தால், தெரிவு அவருடையது. திருப்பி அனுப்பும் கூலி அவர் தரவேண்டும்.

மாற்றிக் கொடுப்பதில் ஒரு நடைமுறையை நான் பலருக்குச் சொல்வதுண்டு. சட்டம் கட்டாயப்படுத்தவில்லை, ஆனால் வேலை செய்கிறது. அளவு மாற்றத்துக்கு வாங்கியவர் தன் செலவில் அனுப்பட்டும். சரியான அளவை நீங்கள் உங்கள் செலவில் அனுப்புங்கள். ஆளுக்கு ஒரு வழி. அந்த ஆசிரியை திருப்தியானால் அவருடைய பாடசாலை ஆசிரியர் அறை முழுவதும் உங்களுக்கு வாடிக்கை. குர்தா பாரம் குறைந்தது, உடையாதது என்பதால் கூரியரை விட்டுவிட்டுப் பதிவுத் தபாலிலும் அனுப்பச் சொல்லலாம். தபால் கந்தோர் தோட்டப் பகுதிகளிலும் உண்டு. பற்றுச்சீட்டை வைத்திருந்து அதன் படத்தை அனுப்பச் சொல்லுங்கள்.

எந்தத் திருப்புதலுக்கும் ஓர் எல்லை உண்டு. பார்சலைப் பிரித்துப் பார்ப்பதும், உடலில் வைத்துப் பார்ப்பதும், ஒருமுறை போட்டுப் பார்ப்பதும் ஏற்றுக்கொண்டதாக ஆகாது. சோதித்துப் பார்க்க நியாயமான வாய்ப்பைச் சட்டமே கொடுக்கிறது. தேர்த் திருவிழாவுக்கு உடுத்து, பூ வாசமும் மஞ்சள் கறையுமாகத் திருப்பி அனுப்புவது வேறு. அது தன் பொருளாக ஏற்றுப் பாவித்தது. பொருளைச் சொந்தக்காரர் போலப் பாவித்தாலோ, நியாயமான காலத்துக்கு மேல் ஒன்றும் சொல்லாமல் வைத்திருந்தாலோ, திருப்பிக் கொடுக்கும் உரிமை போய்விடும். பிழை இருந்தால் அதற்கு நட்டஈடு மட்டும் கேட்கலாம். அட்டை கழற்றப்படாமல் இருக்க வேண்டும் என்று கேட்பது நியாயம். பார்சல் பிரிக்கும் வீடியோ இல்லாவிட்டால் எந்தப் பேச்சும் இல்லை என்று சிலர் போடுகிறார்கள். அது சட்டத்தில் இல்லாத நிபந்தனை. வீடியோ இருந்தால் நல்ல சாட்சியம், இல்லாவிட்டாலும் உண்மை உண்மைதான். உங்கள் பக்கத்துக்கு, பொதி செய்யும்போது சாறியின் அட்டை இலக்கமும் கரையும் தெரிய ஒரு படம் எடுத்து வையுங்கள். வேறு சாறி திரும்பி வந்தால் அப்போது தெரிந்துவிடும்.

இப்போது கேஷ் ஒன் டெலிவரி. உங்களை அதிகம் வருத்துவது இதுதான் என்று கடிதத்தில் தெரிகிறது. சரியான பொருளை அனுப்பியும், வாசலில் நின்று 'வேண்டாம், கொண்டு போங்கள்' என்பவர் ஒப்பந்தத்தை மீறுகிறார். ஓடர் செய்ததும் நீங்கள் உறுதிப்படுத்தியதும் ஒப்பந்தம். காரணமில்லாமல் ஏற்க மறுப்பவரிடம் நட்டஈடு கேட்கும் உரிமை விற்றவருக்கு உண்டு. போகவர ஆன கூரியர் கூலி அந்த நட்டத்துக்குள் அடங்கும். சட்டம் இதில் முழுக்க உங்கள் பக்கம். ஆனால் 900 ரூபாவுக்காகப் புதுக்கடை நீதிமன்றப் படியேறச் சொல்ல மாட்டேன். ஒரு சட்டத்தரணியின் ஒரு நாள் கட்டணத்தில் பல சாறி வாங்கலாம். பெரிய தொகை என்றால் மத்தியஸ்த சபைக்குப் போகலாம். இதற்கு வேண்டாம்.

முன்னாலேயே தடுக்கலாம். பொருளின் விலையை வாசலில் வாங்குங்கள். கூரியர் கூலியை மட்டும் முன்பணமாக வங்கியில் வாங்கிக்கொண்டு அனுப்புங்கள். 450 ரூபா போட்டவர் வாசலில் வேண்டாம் என்று சொல்வது அபூர்வம். சொன்னாலும் போன கூலி உங்கள் கையில் இருக்கும். புதிய வாடிக்கையாளர் முன்பணத்துக்குத் தயங்கினால் அது புரிந்துகொள்ளக்கூடிய தயக்கம். இணையத்தில் காசு போட்டு ஏமாந்தவர்கள் நம்மில் நிறையப் பேர். அவருக்கு உங்கள் பழைய வாடிக்கையாளர் சிலரின் கருத்தைக் காட்டுங்கள், அழைத்து இரண்டு வார்த்தை கதையுங்கள். அனுப்புகிற நாள் காலையில் ஒரு அழைப்பு: 'இன்றைக்கு அனுப்புகிறேன், நாளையோ மறுநாளோ வரும், வீட்டில் ஆள் இருப்பீர்களா, காசு தயாராக இருக்குமா?' திரும்பி வரும் கேஷ் ஒன் டெலிவரி எல்லாம் மனம் மாறியதால் வருவதில்லை. கூரியர்காரர் வந்தபோது வீட்டில் ஆள் இல்லை, சம்பளம் இன்னும் வரவில்லை, தொலைபேசி அடித்தபோது அந்நிய இலக்கம் என்று எடுக்கவில்லை என்று பல. அந்த மூன்று பேரையும் ஒருமுறை அழைத்துக் கேளுங்கள். குற்றம் சாட்டாமல் கேளுங்கள். ஒருவராவது 'திரும்ப அனுப்புங்கள், எடுக்கிறேன்' என்று சொல்லக்கூடும்.

கூரியர் நிறுவனத்திடமும் ஒரு கேள்வி கேட்க வேண்டும். எடுக்காமல் திரும்பி வரும் பார்சலுக்கு என்ன பிடிப்பார்கள்? இது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், பேசி மாற்றவும் முடியும். எத்தனை முறை வாசலுக்குப் போய்ப் பார்த்த பிறகு திருப்புவார்கள், வழியில் பொருள் நனைந்தால் கிழிந்தால் யார் பொறுப்பு, இரண்டையும் எழுத்தில் வாங்குங்கள். வழியில் பழுதான பொருளுக்கு வாங்கியவரை அலைக்கழிக்காதீர்கள். அவருக்கு நீங்கள் தீர்த்துவிட்டு, கூரியர்காரரிடம் நீங்கள் கேளுங்கள். அவரோடு ஒப்பந்தம் உங்களுடையது.

விற்பனைத் தளத்தில் போடும் பொருட்களுக்குக் கணக்கு வேறு. டராஸ் ஆகட்டும், ஈபே ஆகட்டும், விற்பனையாளராகப் பதியும்போது நீங்கள் 'ஏற்கிறேன்' என்று அழுத்திய நிபந்தனைகளுக்குள் திருப்புதல் விதியும் இருக்கும். ஈபேயில், விவரத்துக்குப் பொருந்தாத பொருள் என்று திரும்பி வந்தால் திருப்பும் கூலி விற்றவருடையது. மனம் மாறினால் விற்றவர் முன்கூட்டியே அறிவித்த விதிப்படி. நான் மேலே சொன்ன அதே நியாயம்தான் அங்கேயும். உங்கள் தளத்தின் விதியை ஆறுதலாக இருந்து ஒருமுறை முழுதாக வாசியுங்கள். வாங்குபவர் எந்தக் காரணத்தைத் தெரிவு செய்கிறார் என்பதைப் பொறுத்து உங்கள் கொடுப்பனவில் கழிப்பார்கள் என்றால், காரணம் பிழை என்று மறுத்துப் பேசுவதற்கான நாள் எல்லையையும் பார்த்துவையுங்கள். யன்னலோரப் படமும் அட்டை இலக்கமும் அங்கேயும் கைகொடுக்கும்.

சரி, அந்தப் பெரிய எழுத்து வாசகத்துக்குப் பதிலாக என்ன போடுவது? இப்படிப் போடலாம்: "படத்துக்கும் விவரத்துக்கும் பொருந்தாத பொருள், பழுதான பொருள், மாறி வந்த பொருள் என்றால் 3 நாட்களுக்குள் படத்துடன் சொல்லுங்கள். முழுக் காசையும் போகவர ஆன கூலியையும் நாங்கள் தருவோம். அளவு மாற்ற வேண்டுமானால் எங்களுக்கு அனுப்பும் கூலி உங்களுடையது, சரியான அளவை உங்களுக்கு அனுப்பும் கூலி எங்களுடையது. மனம் மாறித் திருப்பினால், பாவிக்காமல் அட்டையோடு 7 நாட்களுக்குள் அனுப்பினால் பொருளின் காசைத் தருவோம். இரு வழிக் கூலியும் உங்களுடையது. அளவு கொடுத்துத் தைத்த பிளவுஸ் திருப்பி எடுக்கப்படாது." நாட்களின் எண்ணிக்கை உங்கள் வசதிப்படி. பக்கத்தின் அடியில் போட்டால் போதாது. ஓடரை உறுதிப்படுத்தும் வட்ஸ்அப் செய்தியிலேயே, கணக்கு இலக்கத்தைக் கொடுப்பதற்கு முன், அனுப்புங்கள். காசு வாங்கிய பிறகு சொல்லும் நிபந்தனை நிபந்தனை ஆகாது. 3 நாள் தாண்டி ஒருவர் உண்மையான பழுதோடு வந்தால் அந்த எல்லையைக் காட்டி விரட்டவும் வேண்டாம். பழுது பழுதுதான், சட்டம் அவருக்கு நியாயமான காலம் கொடுக்கிறது.

மனம் மாறினால் திருப்பிக் கொடுக்கும் உரிமையை நம் நாட்டுச் சட்டம் தரவில்லை. ஆகவே அந்தப் பந்தி உங்கள் விருப்பம், வேண்டாமானால் எடுத்துவிடலாம். என் அபிப்பிராயம், வையுங்கள். தொடாமல் வாங்குபவருக்கு அந்த ஒரு வரி பெரிய தைரியம், இரு வழிக் கூலியும் அவருடையது என்பதால் உங்களுக்கும் நட்டமில்லை. ஒவ்வொரு மாதமும் திரும்பி வந்தவற்றைக் காரணத்தோடு ஒரு கொப்பியில் எழுதி வாருங்கள். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பார்கள். எந்தக் காரணத்துக்கு எவ்வளவு போகிறது என்று தெரிந்தால், அந்த நட்டத்தை விலையில் சேர்ப்பதா, படத்தைத் திருத்துவதா, கூரியரை மாற்றுவதா என்று முடிவெடுக்கலாம்.

லண்டன் ஓடரில் அவசரப்படாதீர்கள். பிரித்தானியாவில் இணையத்தில் வாங்குபவருக்கு, பொருள் கிடைத்து 14 நாட்களுக்குள் காரணம் சொல்லாமலே இரத்துச் செய்யும் உரிமையை 2013ஆம் ஆண்டின் நுகர்வோர் ஒப்பந்த ஒழுங்குவிதிகள் தருகின்றன. திருப்பும் கூலி வாங்கியவருடையது. ஆனால் அது அவருடையது என்பதை விற்றவர் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும், சொல்லாவிட்டால் விற்றவர் தலையில். முதலில் அனுப்பிய சாதாரணக் கூலியையும் விற்றவர் திருப்பித் தர வேண்டும். பழுதான பொருளுக்கு 2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைகள் சட்டப்படி திருப்பும் செலவு முழுக்க விற்றவருடையது. அளவு கொடுத்துத் தைத்ததற்கு இந்த 14 நாள் உரிமை இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்திலும் ஏறக்குறைய இதே விதிதான். கொழும்பில் இருக்கும் உங்கள்மீது அந்தச் சட்டத்தை ஒருவர் பிரயோகிப்பது இலகுவல்ல என்றாலும், அவர் பழகிய விதி அது. வங்கி அட்டையில் காசு கட்டியிருந்தால் தன் வங்கி மூலம் காசைத் திரும்பக் கேட்கவும் அவரால் முடியும்.

அதனால் அவருக்கு அனுப்பும் பதிலில் திருப்பும் கூலியைப் பற்றி வெளிப்படையாக எழுதுங்கள். லண்டனிலிருந்து கொழும்புக்கு ஒரு சாறியை அனுப்பும் செலவு, சில வேளை சாறியின் விலையைத் தொட்டுவிடும். ஒன்றில் சிறு குறை இருந்தால் திருப்பி அனுப்பாமல் வைத்துக்கொண்டு விலையில் ஒரு பகுதியைக் குறைத்துத் தருவதாக இப்போதே சொல்லலாம். இரண்டு பேருக்கும் அது மலிவு. உண்மையாகவே திருப்ப வேண்டி வந்தால், சுங்கப் படிவத்தில் 'விற்றவருக்குத் திரும்பும் பொருள்' என்று எழுதி, நீங்கள் அனுப்பிய பற்றுச்சீட்டின் பிரதியை உள்ளே வைக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் இங்கே வந்து சேரும்போது உங்கள் சொந்தச் சாறிக்கே புதிய இறக்குமதி போல வரி கேட்கக்கூடும். நான்கு சாறிகளையும் யன்னலோரம் விரித்து வீடியோ எடுத்து, நிறத்தின் பெயரோடு அனுப்பி, 'சரி' என்று அவர் எழுதிய பிறகு பார்சலைக் கட்டுங்கள்.